பம்பருக்குக் கீழே வைத்த குழாய்

1. கயிற்றில் வந்த வண்டி

1980-ஆம் ஆண்டு, தமிழ்க் கணக்கில் ரௌத்திரி வருடம், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மாலை, மதுரைத் தல்லாகுளத்தில் இருந்த எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு ஓர் அம்பாசடர் டாக்சி வந்து சேர்ந்தது. மணல் லாரி ஒன்று அதைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்திருந்தது. திருவிழா என்பதால் ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்ததால் நான்தான் கதவைத் திறந்தேன்.

வண்டிக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலந்து, ஆறிப்போன டீயின் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பம்பரின் இடுக்குகளில் ஈர மணல் அப்பியிருந்தது. முன்கண்ணாடியில் காலையில் வைத்த சந்தனப் பொட்டு கலையாமல் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சோணைமுத்து உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போன பிறகும் அவர் இறங்கவில்லை.

இப்போது புது வண்டி வாங்கும் இளைஞர்கள் பலர், 'கோல்டு ஏர் இன்டேக்' மாட்டலாமா, எந்த மாதிரி நல்லது, எப்படிப் பராமரிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். இன்ஜினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய் அது. எங்கள் காலத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது, குழாய் என்றுதான் சொல்வோம். கடையில் கிடைக்காது. டிங்கர் வேலைக்காரர், அதாவது வண்டியின் தகட்டு வேலை பார்ப்பவர், அளவெடுத்து அடித்துக் கொடுப்பார். அப்படி அடித்த ஒரு நல்ல குழாயைப் பற்றியது இந்தக் குறிப்பு.

2. சூடு

நான் அந்த ஒர்க்‌ஷாப்பில் 1971 முதல் சர்வீஸ் சூப்பர்வைசர். வண்டி வந்தால் குறை கேட்டு, ஜாப் கார்டு எழுதி, யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று பார்ப்பது என் வேலை. சோணைமுத்துவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். அப்போது அவர் இன்னொருவர் வண்டியில் டிரைவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பரவைப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். 1979 தைப்பொங்கலை ஒட்டி அவர் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தார். இரண்டாம் கை வண்டிதான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. அதை அவர் மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் விடாமல் காட்டினார்.

அந்த வண்டிக்கு நிலையான ஒரு சவாரி அமைந்தது. தல்லாகுளத்தில் குடியிருந்த ஒரு பெரியவருக்குக் கொடைக்கானல் மலையில் காப்பித் தோட்டம். வாராவாரம் போய்வர வேண்டும். பரவை, வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் போய் மலை ஏற வேண்டும். மற்ற நாட்களில் ஸ்டாண்டில் சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இந்த ஒன்று இருக்கும்வரை வண்டி அவர் கையில் நிற்கும்.

1980 மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் தொந்தரவு ஆரம்பித்தது. மலையில் பாதி ஏறியதும் வண்டி இழுவை குறைந்து, முக்கி, நின்றுவிடும். அம்பாசடரில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இருப்பது, இன்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே. பானட்டுக்குள் சூடேறினால் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். இதை ஏர் லாக் என்போம். அன்று மலை ஏறும் டிரைவர்கள் எல்லோரும் ஒரு பழைய துணியும் ஒரு டப்பாத் தண்ணீரும் வைத்திருப்பார்கள். வண்டி நின்றால் துணியை நனைத்துப் பெட்ரோல் பம்ப்பின் மேல் போட்டுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

தோட்டக்காரப் பெரியவருக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை. அவர் கோபக்காரர் அல்ல. தன்மையாகத்தான் சொன்னாராம்: "தம்பி, எனக்கு வயசாகுது. இன்னொரு தடவை நடுமலையில நின்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுறேன். தப்பா நெனைக்காதே."

மறுநாள் காலையில் சோணைமுத்து ஒர்க்‌ஷாப் திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, என்ன செய்வீகளோ தெரியாது. இனி இவ மலையில நிக்கக் கூடாது. நின்னா நான் மறுபடி அடுத்தவுக வண்டிக்குத்தான் போகணும்."

வண்டியை அவர் 'இவ' என்றுதான் சொல்வார்.

3. எங்கே வைப்பது

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். பெட்ரோல் பைப்பை மேனிஃபோல்டை விட்டு விலக்கி, அதன் மேல் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினோம். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரின் வாய் மேனிஃபோல்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. குளிர்தேசத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடாவதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. மதுரையில் அதை அப்படி வைத்திருந்தவர் யாரோ. நான் மேனுவலைப் படித்திருந்தேன், அதனால் முதலில் அதைத் திருப்பச் சொன்னேன். சுமாரான பலன் கிடைத்தது. ஆனாலும் பானட்டுக்குள் இருக்கும் காற்றே கொதிக்கிறபோது எந்தப் பக்கம் திருப்பி என்ன? வெளிக்காற்றைக் கொண்டுவந்தால்தான் தீரும் என்றார் காதர் பாய்.

காதர் பாய் எங்கள் டிங்கர். சோணைமுத்துவை விடப் பத்து வயது மூத்தவர். இருவரும் ஒருவரையொருவர் மாமா, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த உரிமையில் நாள் முழுக்க வம்பிழுப்பதும் உண்டு.

குழாய் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஏர் கிளீனர் வாயைவிடச் சிறுத்துவிடக் கூடாது. வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உள்பக்கம் மடிப்பும் பற்றவைத்த முடிச்சும் துருத்தக் கூடாது. முன்வாயில் வலை வேண்டும். இன்றைக்கும் நீங்கள் வாங்குவதில் இதே நான்கைத்தான் பார்க்க வேண்டும். பெயரையும் பளபளப்பையும் பார்த்து வாங்குவதில் பயனில்லை.

வாயை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், ஹெட்லைட்டை ஒட்டி நிற்கும் தகட்டைச் சுத்தியல் காம்பால் தட்டிக் காட்டினார் காதர் பாய்.

"இங்கன ஒரு ஓட்டை போட்டம்னா முடிஞ்சுச்சு மாப்ள. ஒசரம். நல்ல காத்து. குழாயும் நேராப் போயிரும்."

"ஓட்டையா? எம்பேருல இருக்கிற மொத வண்டி மாமா. கத்திரி வைக்கவா கொண்டாந்தேன்?"

"புள்ளைக்குக் காது குத்துனா என்ன கொறஞ்சா போயிருது?"

"அது தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுக் குத்துறது. நீ சுத்தியலத் தூக்கிக்கிட்டுல்ல நிக்கிற."

"நான் மாமன்தானடா. மடிதான் பத்தாது இவளுக்கு."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் சோணைமுத்து இணங்கவில்லை. வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் நடுவில், கீழே, ஏற்கெனவே இருந்த ஓர் இடைவெளியைக் காட்டினார். இதன் வழியாகக் கொண்டுபோனால் எதையும் வெட்ட வேண்டாமே என்றார். பார்த்தால், வாஸ்தவம்தான். குழாய் ஒரு வளைவு கூடுதலாகப் போகும். வாய் பம்பருக்குக் கீழே வந்துவிடும். மற்றபடி குறையில்லை.

தூசி என்று நான் ஆட்சேபித்தேன். வாய் தாழ இருந்தால் ரோட்டுப் புழுதி முழுவதும் உள்ளே வரும். பரவையைத் தாண்டும்போது ரைஸ்மில்களின் உமித் தூசி வேறு. அந்த வண்டியில் இருந்தது ஆயில் பாத் ஏர் கிளீனர். அடியில் ஒரு கிண்ணத்தில் ஆயில் நிற்கும், காற்று அதைத் தொட்டு வரும்போது தூசி ஆயிலில் தங்கிவிடும். அதிகத் தூசி வந்தால் ஆயில் சீக்கிரம் சேறாகிவிடும்.

"தூசிய நான் பாத்துக்கிடுறேண்ணே. வெள்ளிக்கு வெள்ளி கழுவுறேன். சத்தியமா."

சூட்டைப் பற்றிப் பேசினோம், தூசியைப் பற்றிப் பேசினோம். கல் தெறித்தால் வலை நெளியுமா என்றுகூடப் பேசினோம். தண்ணீர் என்ற சொல் எங்கள் மூன்று பேர் வாயிலும் வரவில்லை. வைகையைத் தினமும் பாலத்தின் மேல் கடக்கிறவர்கள் நாங்கள். கீழே பார்த்தால் மணல், காயப்போட்ட துணி, மேய்கிற கழுதை. அந்த ஊரில் வண்டிக்குக் குழாய் வைக்கிறவனுக்குத் தண்ணீர் நினைவுக்கு வராததில் ஆச்சரியம் எதுவுமில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

4. வெள்ளிக்கிழமை

குழாய் வேலை செய்தது. பங்குனி வெயிலில் வண்டி ஒருமுறைகூட நிற்காமல் மலை ஏறியது. தோட்டக்காரப் பெரியவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்ததாகச் சோணைமுத்து வந்து சொன்னார். காதர் பாய்க்கு ஒரு துண்டும் பழமும் வாங்கிக் கொடுத்தார். ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சொன்ன வாக்கையும் காப்பாற்றினார். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஒர்க்‌ஷாப் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, கிண்ணத்தில் இருந்த சேற்று ஆயிலைக் கொட்டி, கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைப்பார். புது ஆயிலைக் கிண்ணத்தில் போட்டிருக்கும் கோடு வரை மட்டும் ஊற்றுவார். கோட்டுக்கு மேலே ஊற்றினால் இன்ஜின் ஆயிலைக் குடித்துப் புகையும் என்று நான் ஒருமுறை சொன்னதுதான். அதன் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தகட்டுக் குழாயும் ஏர் கிளீனரும் சேரும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் டியூப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் வைத்து முறுக்கியிருந்தோம். இந்த ஜாயிண்டுதான் முதலில் போகும். சூட்டில் ரப்பர் வெடித்து, அந்தக் கீறல் வழியாகச் சூடான காற்றும் தூசியும் உள்ளே வரும். குழாய் வைத்ததன் பலனே போய்விடும். ஆகையால் விரலால் தடவிப் பார்த்து, மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். சோணைமுத்து அப்படித்தான் செய்தார். திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பழைய ரப்பர் இன்னும் தாங்கும் என்று நான் சொன்னபோது, நல்ல நாளும் அதுவுமாகப் புதிதாக இருக்கட்டும் என்று மாற்றினார். கிளிப்பைத் தன் கையாலேயே முறுக்கினார்.

இந்தத் தொழிலில் நான் பார்த்த டிரைவர்களில் ஏர் கிளீனரை அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தவர் வேறு யாரும் இல்லை.

5. தண்ணீர்

எங்கள் டாக்சி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. அழகர் இறங்கும் நாளில், அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் ஓடும். விடியற்காலைக் கூட்டம் கலைந்த பிறகு, மத்தியானத்துக்கு மேல், ஸ்டாண்டு வண்டிகள் கோச்சடைப் பக்கம் போய், மணல் வண்டிகள் இறங்கும் சரிவு வழியாக ஆற்றில் இறங்கி, அந்தத் தண்ணீரில் நான்கு டயரையும் நனைத்துக்கொண்டு மறுபடி ஏறி வரும். அந்த வருடம் விபத்தில்லாமல் ஓடும் என்பது நம்பிக்கை. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள்தான் இறக்குவார்கள். கூலிக்கு ஓட்டுகிறவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். சோணைமுத்து பல வருடம் கரையில் நின்றவர். முந்தின வருடம் அணையிலிருந்து வந்த தண்ணீர் கோச்சடையில் டயர் நனையக்கூடப் போதவில்லையாம். ஆகவே அவருக்கு இதுதான் முதல் தடவை.

குழாய் வைத்தவர் கூட வராமல் எப்படி என்று காதர் பாயை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார். கோச்சடையில் இறங்கி நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நின்றேன். வெயில் பளீரென்று இருந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் குறைவு. கலங்கல்.

முதல் வண்டிக்காரர் இறங்கும் முன், கரையில் நின்ற ஒருவர் கிண்டல் செய்தார். "அழகரு அங்கிட்டுக் கீழாக்கத்தானய்யா எறங்குனாரு. நீங்க மேலாக்க வந்து நனைக்கிறீக. அவரு கால் பட்ட தண்ணி இங்கிட்டு ஏறியா வரும்?"

"அவரு பாதத்துக்குப் போற தண்ணிலதான நனைக்கிறோம். மொதல்ல எங்களுக்கு, பெறகுதான் அவருக்கு" என்றார் வண்டிக்காரர். கரையே சிரித்தது.

முதல் வண்டி இறங்கி, வளைந்து, ஏறி வந்தது. இரண்டாவது வண்டியும் வந்தது. இரண்டுமே பராமரிப்பில்லாத பழைய வண்டிகள். புகை கக்கிக்கொண்டு ஏறின. மூன்றாவதாகச் சோணைமுத்து இறங்கினார். தண்ணீரில் ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் சைலன்ஸர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் என்பது எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்த விதி. அவர் அந்த விதிப்படி இன்ஜினை நன்றாக இரைய விட்டுக்கொண்டு போனார். முந்தின வண்டிகளின் தடத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் திரும்பினார். கலங்கலுக்கு அடியில் மணல் அள்ளிய பள்ளம் ஒன்று இருந்தது. வண்டியின் மூக்கு அதில் இறங்கியது. பம்பர் தண்ணீருக்குள் போனது.

கரையில் நின்ற எனக்கு ஒரே ஓர் அடி மட்டும் கேட்டது. சம்மட்டியால் இரும்பை அடித்தது போல. அதன் பிறகு ஆற்றுச் சத்தம்தான்.

காதர் பாய் எனக்குப் பிறகு சொன்னார். அந்த அடிக்கு முன்னால், தாகத்தோடு ஒருவர் சொம்பைத் தூக்கிக் குடிக்கிற சத்தம் கேட்டதாம். அவருக்கு உடனே புரிந்துவிட்டதாம். "ஆஃப் பண்ணு மாப்ள" என்று சொல்ல வாயைத் திறந்ததற்கும் அந்த அடிக்கும் நடுவில் இடைவெளியே இல்லையாம்.

6. திறந்து பார்த்தது

மறுநாள் இன்ஜினைத் திறந்தோம். பிளக்குகளைக் கழற்றியதும் தண்ணீர் வந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே தண்ணீர் நின்றால் பிஸ்டனைக் கீழிருந்து தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துதான் ஆக வேண்டும். ஒன்று வளைந்து முறிந்து, இன்ஜினின் கூடான பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. தகட்டில் ஓட்டை வேண்டாம் என்று சொன்னவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காதர் பாய் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நெளிசல் இல்லை. ரப்பர் ஜாயிண்டில் ஒரு கசிவு இல்லை. பழைய ரப்பர் இருந்து, அதில் ஒரு கீறல் இருந்திருந்தால், இன்ஜின் அந்தக் கீறல் வழியாகக் காற்றை எடுத்திருக்கும், தண்ணீரை மேலே இழுக்கும் வலு குழாய்க்கு இருந்திருக்காது, வண்டி வெறுமனே நின்றிருக்கும். இதை நான் அன்றே யோசித்தேன். சொல்லவில்லை. அவருடைய ஒழுங்கையே குற்றமாகச் சொல்வது போல இருக்கும்.

"கொழா நல்லாத்தான மாமா இருக்கு?" என்று கேட்டார் சோணைமுத்து.

"நல்லா இருக்கு மாப்ள." குழாயைக் கீழே வைத்துவிட்டுக் காதர் பாய் சொன்னார்: "நீ மேல வைக்க விட்டுருக்கலாம்டா. நானாச்சும் ஒன்னைய மீறி வச்சிருக்கலாம்."

"வச்சிருந்தா நான் ஒன்கூடப் பேசியிருக்க மாட்டேன்" என்றார் சோணைமுத்து. அது கிண்டல்தான். சிரிக்க முயன்றார்.

அந்தக் காலத்தில் புது பிளாக் என்பது சொல்லிவைத்துக் காத்திருக்கும் பொருள். மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். தோட்டக்காரப் பெரியவர் முடிந்த அளவு காத்திருந்தார், பஸ்ஸில்கூட ஒரு வாரம் போய்வந்தார். பிறகு அவரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, வேறு வண்டி ஏற்பாடு செய்துகொண்டதைச் சொல்லி, சோணைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். ஆடி மாதம், பிளாக் வரும் முன்பே, திண்டுக்கல்காரர் ஒருவருக்கு வண்டி கைமாறியது. சோணைமுத்து கோச்சடையில் ஒரு மில் முதலாளியின் வண்டிக்கு டிரைவராகப் போனார்.

அதன் பிறகு குழாய் வைக்கச் சொல்லி யார் வந்தாலும் காதர் பாய் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எந்தத் தண்ணியில எறங்கும்?" என்பதுதான். வந்தவர்கள் சிரிப்பார்கள். "வைகையில தண்ணி வந்தாச் சொல்லி விடுங்க பாய், வேடிக்க பாக்க வாரோம்" என்றார் ஒருவர். காதர் பாய் சிரிக்காமல் சுத்தியல் காம்பால் ஹெட்லைட் பக்கத்துத் தகட்டைத் தட்டுவார். அங்கே ஓட்டை போடச் சம்மதித்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

7. ரேடியேட்டர் டப்பா

1984 சித்திரையில் நான் மறுபடி அந்தச் சரிவுக்குப் போயிருந்தேன். அந்த வருடமும் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஸ்டாண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. கரை மேல், வேப்பமர நிழலில், மில் முதலாளியின் வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. சோணைமுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பாவை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தனியாக ஆற்றில் இறங்கினார். டப்பாவில் தண்ணீர் மொண்டு வந்து, ஒவ்வொரு டயரிலும் கொஞ்சம் தெளித்தார். மிச்சத்தை ரேடியேட்டரில் ஊற்றினார்.

நான் பக்கத்தில் போய், இந்த வண்டியில்தான் குழாய் கிடையாதே, இரண்டு வண்டி போன தடத்திலேயே இறக்கி ஏற்றியிருக்கலாமே என்றேன்.

"சொந்த வண்டின்னா எறக்கியிருப்பேண்ணே" என்றார். "இது அடுத்தவுக வண்டியாச்சே."

டப்பாவை டிக்கியில் வைத்து மூடினார். முதலாளி வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இளைஞர்கள் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். வாய் அகலமாக, வளைவு குறைவாக, வலையோடு வாங்குங்கள். ஏர் கிளீனரைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள், ஜாயிண்டைத் தடவிப் பாருங்கள். வாயை உயரத்தில் வையுங்கள், அதற்காக ஒரு தகட்டை வெட்ட நேர்ந்தாலும் சரி. மாட்டிக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. அந்த வண்டி பிழைப்புக்காக எந்தெந்த ரோட்டில் ஓடும் என்று நாங்கள் அக்கறையாக விசாரித்தோம். சந்தோஷம் வந்தால் வண்டியை எங்கே கொண்டுபோவாய் என்று சோணைமுத்துவிடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.